ஒரே புக்கிங் மூன்று முறை

குமுளியில் அண்ணன் நடத்தும் ஹோம்ஸ்டேயை ஒரு பயணத் தளத்தோடு வெப்ஹுக் வழியாக இணைத்தேன். புக்கிங் வந்ததும் தளமே எங்கள் சர்வருக்குத் தகவல் அனுப்பும் முறை அது. ஒரே புக்கிங் இரண்டு, மூன்று முறை பதிவானது. “ரூம் காலியா கிடக்கு, ஃபுல்லுனு காட்டுதேடா!” என்றார் அண்ணன்.

சர்வரின் பதிவேடான லாகில் காரணம் தெரிந்தது. எங்கள் சர்வர் விருந்தினருக்கு மின்னஞ்சல் அனுப்பி முடித்த பிறகே 200, அதாவது ‘கிடைத்தது’ என்று பதில் தரும். அதற்குள் தளம் காத்திருந்து சலித்து மறுபடி அனுப்பிவிடும். அது தளத்தின் குறை இல்லை. வெப்ஹுக் பொதுவாக அப்படித்தான்.

இப்போது, தளம்தான் அனுப்பியது என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்த்து, தகவலை வரிசையில் சேமித்ததும் 200. மின்னஞ்சல் அப்புறம். தகவலோடு வரும் நிகழ்வு ஐடிக்கு டேட்டாபேஸில் யூனிக் கட்டுப்பாடு (ஒரே ஐடி இரண்டு முறை பதியாது) உண்டு, இரட்டை வந்தால் அங்கேயே நிற்கும். ஒன்று மட்டும்: கையொப்பத்தை, வந்த பைட்டுகளை அப்படியே வைத்துக் கணக்கிடுங்கள். தகவல் வரும் வடிவமான ஜேசனைப் பிரித்துத் திரும்பக் கட்டினால் ஒரு இடைவெளி மாறினாலும் பொருந்தாது.