குவிந்து கிடக்கும் சாம்பிள் லைப்ரரிகளை ஒழுங்குபடுத்துவது எப்படி?

மெட்டு மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. கம்ப்யூட்டரில் அதை வாசிக்க ஒரு செல்லோவின் ஒலி வேண்டும். எந்த டிரைவ், எந்த ஃபோல்டர் என்று பத்து நிமிடம் தேடுகிறீர்கள். செல்லோ கிடைப்பதற்குள் மெட்டு போய்விடுகிறது. சாம்பிள் லைப்ரரிகளை, அதாவது வாத்தியங்களின் ஒலிகளைப் பதிவு செய்து தொகுத்த கோப்புகளை, ஒழுங்காக வையுங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

லைப்ரரி டிஸ்க்கில் இருக்கும் இடம் வேறு, நாம் அதைத் தேடி எடுக்கும் வழி வேறு. இரண்டையும் ஒரே ஃபோல்டர் அமைப்பில் முடிக்கப் பார்த்தால் சிக்கல்தான். ஒருமுறை நான் லைப்ரரிகளை உடைத்து, வயலின்களை ஒரு ஃபோல்டரிலும் டிரம்ஸை இன்னொன்றிலுமாகப் பிரித்துப் போட்டேன். மறுநாள் பழைய பிராஜெக்டைத் திறந்ததும் 'சாம்பிள்களைக் காணவில்லை' என்ற பெட்டிதான் வந்தது. சாம்பிள்களை வாசிக்க உதவும் கான்டாக்ட் என்ற மென்பொருளில் நாம் திறக்கும் என்கேஐ (.nki) கோப்புக்குள் பொதுவாக ஒலி இருக்காது; ஒலிக்கோப்புகள் எங்கே இருக்கின்றன என்ற முகவரிதான் இருக்கும். அதனால் லைப்ரரியின் உள்ளே எதையும் நகர்த்தவோ பெயர் மாற்றவோ கூடாது.

படி 1: கணக்கெடுங்கள்

ஒரு ஸ்பிரெட்ஷீட்டில் லைப்ரரியின் பெயர், தயாரித்த நிறுவனம், அளவு, இருக்கும் டிரைவ், சீரியல் எண் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பிரித்து நிறுவிய பிறகும் கிடக்கும் ஜிப், ரார் கோப்புகளை அழித்தாலே நிறைய இடம் காலியாகும்.

படி 2: டிரைவை முடிவு செய்யுங்கள்

ஒரு சின்ன கணக்கு. வயலினில் 40 சுரங்கள், ஒவ்வொன்றும் 4 வித அழுத்தத்தில், ஒரே மாதிரி ஒலிக்காமலிருக்க 3 முறை, 2 மைக் நிலைகளில் பதிவாகியிருக்கிறது என்று வையுங்கள். மொத்தம் 960 கோப்புகள். ஒவ்வொன்றும் 5 விநாடி, 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ என்றால் சுருக்குவதற்கு முன் ஏறக்குறைய 1.4 ஜிபி. இது ஒரே ஒரு ஆர்டிகுலேஷனுக்கு (வாசிக்கும் விதத்துக்கு) மட்டும்!

கான்டாக்ட் இவற்றின் தொடக்கத்தை மட்டும் ரேமில் வைத்துக்கொண்டு, மீதியை வாசிக்க வாசிக்க டிஸ்க்கிலிருந்து எடுக்கும். பல சுரங்கள் சேர்ந்த ஒரு கார்டு (chord) வாசித்தால் பல கோப்புகளை ஒரே நேரத்தில் படிக்க வேண்டும். சுழலும் ஹார்ட் டிஸ்க்கின் முள் அங்குமிங்கும் ஓடித் திணறும். ஆகவே அடிக்கடி பயன்படுத்துபவை எஸ்எஸ்டியில் இருக்கட்டும், எப்போதாவது தொடுபவை ஹார்ட் டிஸ்க்குக்குப் போகட்டும்.

விண்டோஸில் வெளி டிரைவ் என்றால், டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் அதற்கு ஒரு நிரந்தர எழுத்தைக் கொடுத்துவிடுங்கள். இன்று E, நாளை F என்று மாறினால் எல்லா லைப்ரரியும் ஒரே நாளில் காணாமல் போகும். மேக்கில் டிரைவின் பெயரை மாற்றாமல் இருந்தால் போதும்.

படி 3: ஒரே தாய் ஃபோல்டர்

டிரைவின் முதல் மட்டத்தில் 'சாம்பிள்ஸ்' என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் நிறுவனத்தின் பெயர், அதற்குள் லைப்ரரி. இதற்கு மேல் ஆழம் வேண்டாம். விண்டோஸில் பல மென்பொருள்கள் 260 எழுத்துகளைத் தாண்டும் பாதையில் தடுமாறும். நீண்ட பெயர்களுள்ள லைப்ரரியைப் பிரிக்கும்போதே பிழை வரலாம்.

படி 4: ஒவ்வொன்றாக இடம் மாற்றுங்கள்

அவசரம் வேண்டாம். முதலில் காப்பி செய்யுங்கள், கட் வேண்டாம். நேட்டிவ் ஆக்சஸ் போன்ற ஆப் வழியாக நிறுவியதென்றால் அந்த ஆப்பிலேயே புதிய இடத்தைக் காட்டுங்கள். மற்ற கான்டாக்ட் லைப்ரரிகளுக்கு, முழுப் பதிப்பில் 'பேட்ச் ரீ-சேவ்' (Batch re-save) வசதி இருக்கிறது. லைப்ரரி ஃபோல்டரைக் காட்டினால் முகவரிகளைச் சரிசெய்து எல்லாக் கோப்புகளையும் மறுபடி சேமித்துவிடும். அப்புறம் இரண்டு மூன்று இன்ஸ்ட்ருமென்ட்களைத் திறந்து வாசித்துப் பாருங்கள். சரியாக ஒலித்த பிறகுதான் பழையதை அழிக்க வேண்டும்.

படி 5: தேடும் வழியை அமையுங்கள்

இப்போதுதான் வயலின், டிரம்ஸ் என்ற பிரிவுகள் வருகின்றன. கான்டாக்டின் குயிக்-லோட் பட்டியலில் உங்கள் விருப்பப்படி பிரிவுகளை உருவாக்கி, பிடித்த பேட்ச்களை (patch, அதாவது திறந்து வாசிக்கும் இன்ஸ்ட்ருமென்ட் கோப்புகளை) இழுத்துப் போடுங்கள். அங்கே சேருவது குறுக்குவழி மட்டும்தான், அசல் கோப்பு நகராது. இடம் நிலையான பிறகு இதைச் செய்யச் சொல்வதும் அதனால்தான். முன்பே செய்தால் இடம் மாறியதும் குறுக்குவழிகள் அறுந்துவிடும்.

வாத்தியத்தின் பெயரைவிட வேலையைக் கொண்டு பிரிப்பது எனக்குப் பிடிக்கும்: 'மெல்லிய பின்னணி', 'துள்ளும் தாளம்', 'தனி மெட்டு'. மெட்டு பிறக்கும் நேரத்தில் மனம் அப்படித்தான் தேடுகிறது. ஒரு பிரிவில் பத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கான்டாக்ட் அல்லாத லைப்ரரிகளை கியூபேஸ், ரீப்பர் போன்ற இசைப்பதிவு மென்பொருள்களில் டிராக் டெம்ப்ளேட்டாக (வாத்தியத்தோடு தயாராக இருக்கும் டிராக்காக) சேமித்து, இதே பெயர்களில் வைக்கலாம்.

படி 6: பேக்கப்

வாங்கிய லைப்ரரிகளில் பெரும்பாலானவற்றைத் திரும்பப் பதிவிறக்கிக்கொள்ளலாம். நீங்கள் திருத்திச் சேமித்த பேட்ச்கள், டெம்ப்ளேட்டுகள், உங்கள் கையால் பதிவு செய்த சாம்பிள்கள் வேறெங்கும் கிடைக்காது. அவற்றை லைப்ரரி ஃபோல்டருக்குள் வைக்காமல் தனி ஃபோல்டரில் வைத்து, படி 1-இல் போட்ட ஸ்பிரெட்ஷீட்டோடு இன்னொரு டிரைவிலும் ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.