மின்சார வண்டி வாங்கும் முன் வீட்டுப் பிளக் பாயின்டைப் பாருங்கள்

ஒரு லட்ச ரூபாய்க்கு முன்பின்னாக மின்சார ஸ்கூட்டரோ பைக்கோ வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் ஷோரூமில் தொடங்குகிறார்கள். முன்பணம் கட்டி முடித்த பிறகுதான், வண்டியை இரவில் எங்கே நிறுத்துவது, எந்தச் சுவிட்சில் சொருகுவது என்ற கேள்வி எழுகிறது. வரிசையை மாற்றி, வீட்டிலிருந்து தொடங்கி ஷோரூமில் முடித்தால் பாதி ஏமாற்றங்கள் தவிர்ந்துவிடும் என்பது என் எண்ணம்.

வீட்டுச் சார்ஜர் பொதுவாக 700 முதல் 1000 வாட் வரை இழுக்கும். மிக்ஸி இழுப்பதும் ஏறக்குறைய அதே அளவுதான். ஆனால் மிக்ஸி ஓடுவது ஐந்து நிமிடம், சார்ஜர் ஓடுவது ஐந்து மணி நேரம். அவ்வளவு நேரம் தொடர்ந்து மின்சாரம் பாயும்போது தளர்ந்த பிளக் பாயின்டும் மெலிந்த பழைய வயரும் சூடேறும். ஆகவே வண்டி நிறுத்தும் இடத்திலேயே 15 ஆம்பியர் பிளக் பாயின்ட் ஒன்றைத் தனி எம்சிபியுடன் (மின்சாரம் அளவு மீறினால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) போடச் சொல்லுங்கள். எர்த் உண்மையாகவே வேலை செய்கிறதா என்பதை எலக்ட்ரீஷியனை வைத்தே சோதித்துக்கொள்ளுங்கள். ஜன்னல் வழியாக எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்து சார்ஜ் செய்யும் பழக்கத்தை முதல் நாளே விலக்க வேண்டும். 2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் இரவு சார்ஜில் போட்டிருந்த மின்சார வண்டி தீப்பற்றியதில் எழுந்த புகையில் ஒரு தந்தையும் மகளும் மூச்சுத்திணறி இறந்தனர். அந்த ஆண்டு அடுத்தடுத்து நடந்த தீ விபத்துகளுக்குப் பிறகே பேட்டரிப் பாதுகாப்புக்கான ஏஐஎஸ் 156 விதிகள் கடுமையாக்கப்பட்டு, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலுமாக இரண்டு கட்டங்களில் நடைமுறைக்கு வந்தன. அதற்கு முன் தயாரான வண்டி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் நான் வாங்கமாட்டேன்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்களுக்கு இது இன்னும் சிக்கலானது. பார்க்கிங்கில் உங்கள் மீட்டரிலிருந்து வயர் இழுக்கச் சங்கம் அனுமதிக்கிறதா என்பதை எழுத்திலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முடியாது என்றால் ரிவோல்ட் ஆர்வி400, ஹீரோவின் விடா போன்ற, பேட்டரியைக் கழற்றி மேலே எடுத்துச் செல்லக்கூடிய வண்டிகளே வழி. ஒவ்வொரு பேட்டரியும் பத்துக் கிலோவைத் தாண்டும் என்பதால், லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடியில் தினமும் அதைச் சுமப்பவர் யார் என்பதையும் வீட்டில் பேசி முடிவு செய்ய வேண்டும்.

மின்கட்டணக் கணக்கு

நாளொன்றுக்கு 30 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு, சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து ஏறக்குறைய 1.2 யூனிட் செலவாகும். இரண்டு மாதத்துக்கு 72 யூனிட். அதே தூரத்துக்கு, லிட்டருக்கு 45 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் ஸ்கூட்டருக்கு 40 லிட்டர் தேவை. லிட்டர் நூறு ரூபாய் என்றால் நாலாயிரம்.

விளம்பரங்கள் இந்த ஒப்பீட்டோடு நிறுத்திக்கொள்கின்றன. தமிழ்நாட்டு மின்கட்டணத்தில் இருக்கும் ஒரு படியை அவை சொல்வதில்லை. 2022 செப்டம்பரில் வந்த கட்டண அட்டவணையை எடுத்துக்கொள்வோம். இரண்டு மாதத்தில் 400 யூனிட் செலவழிக்கும் வீட்டுக்குக் கட்டணம் 1,125 ரூபாய். வண்டியின் 72 யூனிட்டும் சேர்ந்தால் 1,557. அதாவது கூடுதல் 432 ரூபாய்தான். ஆனால் ஏற்கெனவே 450 யூனிட் ஓடும் வீட்டில் அதே 72 யூனிட் சேரும்போது மொத்தம் 500-ஐத் தாண்டுகிறது. தாண்டிய உடனே 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கிடைத்துவந்த 2.25 ரூபாய்ச் சலுகை போய், அவையும் 4.50 ரூபாய்க்குக் கணக்கிடப்படுகின்றன. கட்டணம் 1,425-லிருந்து 2,126-க்கு ஏறுகிறது. வித்தியாசம் 701 ரூபாய். கட்டணம் பிறகு சற்றே உயர்ந்திருக்கிறது, அமைப்பு இதுதான். நாலாயிரத்தோடு ஒப்பிட்டால் இதுவும் சிறிய தொகையே. இருந்தாலும் முதல் இ.பி. பில்லைப் பார்த்து வண்டி மீது சந்தேகப்படாமல் இருக்க இதை முன்கூட்டியே தெரிந்துவைத்திருப்பது நல்லது.

வண்டிகளை ஒப்பிடும் முறை

நிறுவனம் சொல்லும் தூரத்தை வைத்து ஒப்பிடாதீர்கள். அந்த எண் ஆய்வுக்கூடத்தில் கிடைப்பது. 2022 ஜூலையில் வந்த ஏதர் 450எக்ஸ் வண்டிக்குச் சான்றளிக்கப்பட்ட தூரம் 146 கிலோமீட்டர். சாலையில் எதிர்பார்க்கக்கூடியது என்று அந்த நிறுவனமே தந்த எண் 105. ரிவோல்ட் ஆர்வி400 பைக்கில் இருப்பது 3.24 கிலோவாட்-மணி (ஒரு கிலோவாட்-மணி என்பது ஒரு யூனிட்) பேட்டரி. சிக்கன முறையில் 150 கிலோமீட்டர், இயல்பில் 100, வேக முறையில் 80 என்பது நிறுவனத்தின் கணக்கு. ஒரே வண்டி, ஒரே பேட்டரி, ஏறக்குறைய இரண்டு மடங்கு வித்தியாசம்.

மாறாக பேட்டரியின் கொள்ளளவைக் கேளுங்கள். ஒரு கிலோவாட்-மணிக்கு நகரச் சாலையில் 30 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு மேம்பாலங்களில் ஏறி இறங்கும் வாழ்க்கைக்கு அது பெரிதும் பொருந்தும். உங்கள் அன்றாடத் தூரத்தை இரண்டு மடங்காக்கி அதற்கு ஏற்ற பேட்டரியை எடுங்கள். நாள்பட பேட்டரி தேய்ந்தாலும், ஒருநாள் சார்ஜ் போட மறந்தாலும் வண்டி பயன்படும். நாளொன்றுக்கு 30 கிலோமீட்டர்காரருக்கு 2.2 கிலோவாட்-மணி போதும். ஐந்து கிலோவாட்-மணிக்கு மேல் உள்ள பேட்டரிக்குப் பணம் கொடுப்பது வீண் சுமை. அதன்பின் ஆன்ரோடு விலையைக் கொள்ளளவால் வகுத்துப் பாருங்கள். சார்ஜர், செயலிக் கட்டணம், கூடுதல் உத்தரவாதம் ஆகியவற்றைச் சில இடங்களில் தனியாக வசூலிப்பதால், அவை அனைத்தும் சேர்ந்த தொகையையே வகுக்க வேண்டும்.

பேட்டரியை வாடகைக்குத் தரும் திட்டங்களிலும் இதே போல் கூட்டிக் கழித்துப் பார்க்க வேண்டும். 2025 ஜூலையில் விடா விஎக்ஸ்2 கோ அறிமுகமானபோது பேட்டரியோடு 99,490 ரூபாய், பேட்டரி இல்லாமல் 59,490 ரூபாய், வாடகை கிலோமீட்டருக்கு 96 பைசா முதல் என்றார்கள். மாதம் 900 கிலோமீட்டர் ஓட்டினால் வாடகை 864 ரூபாய். மிச்சப்பட்ட நாற்பதாயிரம் 46 மாதத்தில் தீர்ந்துவிடும். நான்கு ஆண்டுக்கு மேல் வைத்திருப்பவருக்கு இது இலாபமல்ல.

ஓட்டுநர் உரிமமும் பதிவும் வேண்டாம் என்று விற்கப்படும் வண்டிகள் 250 வாட் மோட்டாருக்கும் 25 கிலோமீட்டர் வேகத்துக்கும் உட்பட்டவை. அந்தக் கட்டுப்பாட்டை நீக்கித் தருகிறோம் என்று கடைக்காரர் சொன்னால் அப்படியே திரும்பி வந்துவிடுங்கள். விபத்து நேர்ந்தால் காப்பீடும் கைகொடுக்காது, சட்டமும் உங்கள் பக்கம் நிற்காது. முறையாகப் பதிவான தனிநபர் வண்டிக்குப் பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்து இருக்கும்.

சர்வீஸ் சென்டர் எவ்வளவு தூரம் என்பது விலையை விட முக்கியம். ஓசூரில் ஏதரும் டிவிஎஸ்ஸும், போச்சம்பள்ளியில் ஓலாவும் வண்டிகளைத் தயாரிக்கின்றன என்பதால் உங்கள் தாலுகாவில் பழுது பார்ப்பார்கள் என்று பொருளல்ல. வாங்குவதற்கு முன் ஒரு சனிக்கிழமை காலை அந்த சர்வீஸ் சென்டருக்கே போய், வெளியே காத்திருப்பவர்களிடம் எத்தனை நாளாக வண்டி நிற்கிறது என்று கேளுங்கள். விற்பனையாளர் ஒரு மணி நேரம் பேசினாலும் கிடைக்காத தகவல் அங்கே ஐந்து நிமிடத்தில் கிடைக்கும்.

வாங்கிய பிறகு

கத்திரி வெயிலில் ஓட்டி வந்த வண்டியை உடனே சொருகாமல் அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள். லித்தியம் பேட்டரியை விரைவில் முதுமையாக்குவது வெப்பம்தான். அன்றாடம் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கவிடாமல் 80, 90 அளவில் நிறுத்துவது நல்லது. மாதத்துக்கு ஒருமுறை முழுதாக ஏற்றினால் செல்கள் சமநிலைக்கு வரும், மீதித் தூரத்தைக் காட்டும் எண்ணும் சரியாகும். ஊருக்குப் போய்ப் பல வாரம் நிறுத்துவதாக இருந்தால் பாதி சார்ஜில் விட்டுச் செல்லுங்கள்.

மழைக்காலத்தில் ஐபி67 என்ற எழுத்தை நம்பி வெள்ளத்தில் இறங்கக் கூடாது. ஒரு மீட்டர் ஆழத்து நன்னீரில் அரை மணி நேரம் தாங்கும் என்பதே அதன் பொருள். வேளச்சேரிச் சாலையில் சாக்கடையோடு கலந்து நிற்கும் தண்ணீர் அந்தச் சோதனையில் இல்லை. வண்டி மூழ்கியிருந்தால் சார்ஜ் போடாமல், திறந்தவெளியில் நிறுத்தி, சர்வீஸ் ஆட்களை அழையுங்கள்.

பின்சக்கரத்துக்குள்ளேயே மோட்டார் உள்ள வண்டிகளில் பஞ்சர் ஒட்ட சக்கரத்தைக் கழற்றுவது எளிதல்ல. தெருமுனைக் கடைக்காரரிடம் முன்பே காட்டிக் கேட்டுவையுங்கள். டயரில் காற்று குறைந்தால் தூரமும் குறையும் என்பதால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். வண்டி திடீரென்று உயிரற்றுப் போனால் பெரிய பேட்டரியைக் குறை சொல்லும் முன், சில வண்டிகளில் தனியாக இருக்கும் 12 வோல்ட் சிறு பேட்டரியைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

பழைய வண்டி வாங்குபவர்கள் ஓடிய கிலோமீட்டரைப் பார்ப்பதோடு நிற்காமல், பேட்டரியின் ஆரோக்கிய அறிக்கையை சர்வீஸ் சென்டரில் எடுத்துக் கேட்க வேண்டும். உத்தரவாதம் புதிய உரிமையாளர் பெயருக்கு மாறுமா என்பதையும் அங்கேயே உறுதி செய்துகொள்ளலாம். அறிக்கை தர மறுத்தால், முழு சார்ஜ் ஏற்றி, பாதியாகும் வரை நீங்களே ஓட்டிப் பார்த்து, ஓடிய தூரத்தை இரட்டிப்பாக்கிக் கொள்ளளவோடு ஒப்பிட்டபின் விலை பேசுங்கள்.