ஐந்து ஊசியில் ஒரு டாய்லி

டாய்லி, அதாவது மேசைமேல் விரிக்கும் சிறு லேஸ் விரிப்பு, பின்னக் கற்க வருகிறவர்கள் முதலில் டிசைனைப் பற்றித்தான் கேட்பார்கள். நான் கஞ்சியில் தொடங்குவேன். ஊசியிலிருந்து இறக்கிய டாய்லி கசங்கிய கைக்குட்டை போலத்தான் இருக்கும். அதைக் கண்டு மனம் உடைந்து, பெட்டிக்குள் போட்டு மூடிய பெண்களை எனக்குத் தெரியும். அலசி, கஞ்சி போட்டு, இழுத்துக் குத்திக் காயவைத்த பிறகுதான் அது லேஸ் ஆகிறது.

எங்கள் நாகர்கோவிலில் லேஸ் என்றால் தலையணைமேல் மரக்குச்சிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் வேலைதான் பலருக்கு நினைவு வரும். லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் 1820-களில் இங்குள்ள பெண்களுக்குக் கற்றுத்தந்த கலை அது. நான் சொல்லப்போவது வேறு. ஸ்வெட்டர் பின்னும் அதே முறையில், மெல்லிய பருத்தி நூலால் வட்டமாகப் பின்னுவது. ஜெர்மானியர்கள் இதைக் கலைப்பின்னல் என்றே அழைக்கிறார்கள். அந்நாட்டின் ஹெர்பர்ட் நீப்லிங் வரைந்த இலையும் பூவும் இன்றும் பல நாடுகளில் பின்னப்படுகின்றன. அவை பிறகு. முதலில் சுழல்சக்கர டிசைனில் ஒரு வட்ட டாய்லி.

இருபுறமும் முனையுள்ள 14 எண் எஃகு ஊசிகள் ஐந்து, அதாவது 2 மில்லிமீட்டர் பருமன். 20 எண் குரோஷா நூல் ஓர் உருண்டை. நுனியில் கொக்கியுள்ள சன்னமான குரோஷா ஊசி ஒன்று. நூலின் எண் கூடக் கூட நூல் மெலியும்; கை பழகும்வரை 40-ஐத் தொட வேண்டாம்.

நூல் நுனியால் விரலில் ஒரு வளையம் போடுங்கள். குரோஷா ஊசியை வளையத்துக்குள் விட்டு நூலை இழுத்து, மறுபடி ஒருமுறை நூலைக் கோத்து அந்தக் கண்ணிக்குள் மட்டும் இழுங்கள். ஒரு கண்ணி ஊசியில் நிற்கும். இப்படி எட்டு. அவற்றை நான்கு ஊசிகளுக்கு இரண்டிரண்டாக மாற்றி, ஐந்தாவது ஊசியால் ஒரு சுற்று வெறுமனே பின்னுங்கள். இந்த முதல் நான்கைந்து சுற்றுகள்தான் கடினம். ஊசிகள் நழுவும், கை வியர்க்கும். மேசைமேல் வைத்துப் பின்னினால் பாதித் தொல்லை குறையும். ஆறு சுற்று ஆனதும் நுனி நூலை இழுத்து நடுத்துளையை மூடிவிடலாம்.

இரண்டாம் சுற்றில், ஒவ்வொரு கண்ணிக்கும் முன்னால் நூலை ஊசிமேல் ஒருமுறை சுற்றிக்கொள்ளுங்கள். அந்தச் சுற்றல்தான் லேஸின் துளை. எட்டு பதினாறாகும். மூன்றாம் சுற்று வெறும் பின்னல். நான்காம் சுற்றில் ஒரு சுற்றல், இரண்டு கண்ணி; ஆறில் ஒரு சுற்றல், மூன்று கண்ணி. இப்படி 38-ஆம் சுற்றுவரை போனால் எட்டுப் பிரிவுகளில் இருபது இருபதாக 160 கண்ணிகள் சேரும். மேலும் இரண்டு வெறும் சுற்று.

ஊசியின் தொடக்கத்தில் வரும் சுற்றல்தான் அடிக்கடி விழுந்துபோகும். ஒவ்வொரு வெறும் சுற்றிலும் நான்கு ஊசிகளையும் எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை சமமாக இருக்க வேண்டும். குறைந்தால் இரு கண்ணிகளுக்கு நடுவே கிடக்கும் நூலைத் தூக்கி ஊசியில் ஏற்றினால் போதும், பிரிக்கத் தேவையில்லை.

விளிம்பைச் சாதாரணமாக முடித்தால் இறுகி, டாய்லி கிண்ணம்போல் குவிந்துவிடும். குரோஷா ஊசியால் நான்கு கண்ணிகளை ஒன்றாகச் சேர்த்து முடிந்து, எட்டுச் சங்கிலிக் கண்ணி போட்டு, அடுத்த நான்கைச் சேருங்கள். நாற்பது வளைவுகள் கிடைக்கும். நூல் முனைகளைப் பின்பக்கத்தில் செருகுங்கள். காய்ந்த பிறகுதான் வெட்ட வேண்டும்.

இனி கஞ்சி. பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீரில் டாய்லியை அலசுங்கள், கையழுக்கு போகும். முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்துங்கள். ஒரு மேசைக்கரண்டி ஜவ்வரிசியை ஊறவைத்து, இரண்டு தம்ளர் தண்ணீரில் கண்ணாடிபோல் ஆகும்வரை காய்ச்சி, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். வடிகட்டாவிட்டால் துளைகளில் கட்டி நின்றுவிடும். வெதுவெதுப்பாக ஆறியதும் டாய்லியை முக்கி எடுங்கள். வடிகஞ்சியும் ஆகும், ஆனால் வெள்ளை நூலில் ஜவ்வரிசிதான் பளிச்சென்று நிற்கிறது.

தெர்மாகோல் அட்டைமேல் காகிதம் விரித்து, காம்பஸால் வட்டங்களும் எட்டுக் கோடுகளும் வரைந்து, மேலே பாலித்தீன் தாள் போடுங்கள். நடுவில் ஒரு குண்டூசி. பிறகு மேலே, கீழே, வலம், இடம். அவற்றுக்கு நடுவே நான்கு. கடைசியில் எஞ்சிய வளைவுகள். ஒரே பக்கமாகக் குத்திக்கொண்டே போனால் சக்கரம் கோணிவிடும். துரு ஏறாத குண்டூசியாகப் பார்த்து வாங்குங்கள். என் தங்கை மகளின் திருமணத்துக்குப் பின்னிய டாய்லியில் மலிவான குண்டூசிகளைக் குத்திவைத்தேன். ஒரே இரவில் விளிம்பு முழுவதும் பழுப்புப் புள்ளிகள். எலுமிச்சைச் சாறும் உப்பும் தேய்த்தும் முழுதாகப் போகவில்லை. இன்னொன்று பின்னித்தான் கொடுத்தேன்.

மின்விசிறிக் காற்றில் நன்றாகக் காயட்டும். மழைக்காலத்தில் கஞ்சி தளர்ந்து வளைவுகள் தொய்யும். மறுபடி அலசி, முக்கி, குத்த வேண்டியதுதான். நெடுநாள் எடுத்துவைப்பதாக இருந்தால் கஞ்சியை முழுக்க அலசிவிட்டு, மடிக்காமல் சுருட்டி வையுங்கள். கஞ்சித்துணி என்றால் இராமபாணப் பூச்சி விடாது.