லினக்ஸ் போக்குவரத்துச் சீரமைப்பியில் நினைவகம் கிடைக்காதபோது தவிர்க்க வேண்டிய தவறுகள்

லினக்ஸின் மையமான கெர்னலில், பாக்கெட்டுகள் எனப்படும் வலைப்பின்னல் தரவுத் துண்டுகளை வரிசையில் நிறுத்தி, வேகத்தைக் கட்டுப்படுத்தி அனுப்பும் பகுதிக்குக் கியூடிஸ்க் என்று பெயர். அங்கே நினைவக ஒதுக்கீடு எப்போதாவது தோற்கத்தான் செய்யும். திருத்த வேண்டியது அந்தத் தோல்விக்குப் பின் நிரல் நடந்துகொள்ளும் விதத்தை. பலரோ ஒதுக்கீட்டை எப்படியாவது வெற்றிபெறச் செய்வதிலேயே முனைகிறார்கள்.

நினைவகம் கேட்கும்போது தரும் குறிப்பை, காத்திராத ஜிஎஃப்பி அட்டாமிக்கிலிருந்து காத்திருக்கக்கூடிய ஜிஎஃப்பி கெர்னலாக மாற்றுவது இவ்வகைத் தவறுகளில் முதன்மையானது. பாக்கெட்டை வரிசையில் சேர்க்கும் இடத்தில் ஸ்பின்லாக் என்ற பூட்டு பிடிக்கப்பட்டிருப்பதால் அங்கே உறங்கக் கூடாது, அதாவது நிரல் நின்று காத்திருக்கக் கூடாது. ஜிஎஃப்பி கெர்னல் ஒதுக்கீடோ நினைவகம் குறையும்போது உறங்கக்கூடியது. எனவே நினைவகம் தாராளமாக இருக்கும் சோதனைக் கணினியில் குறையின்றி ஓடும் அந்த நிரல், உண்மையான நெருக்கடியில் கெர்னலையே நிலைகுலையச் செய்யும். அங்கே நினைவகம் கிடைக்காவிட்டால் பாக்கெட்டை விடுவித்து, கைவிட்ட கணக்கில் சேர்த்துவிடுவதே முறை.

கியூடிஸ்க்கை உருவாக்கும் கட்டத்தில் உறங்கத் தடையில்லை. ஆனால் பாதி வழியில் தோற்றால் யார் எதை விடுவிப்பது என்ற குழப்பம் அங்கே காத்திருக்கிறது. தொடக்கச் செயற்கூறு தோற்றாலும் அழிப்புச் செயற்கூறு அழைக்கப்படும் என்று 2017இல் விதி மாறியது. அதே ஆண்டில் எச்டிபி, டிபிஎஃப், எஸ்எஃப்கியூ உள்ளிட்ட பல கியூடிஸ்க்குகளை அடுத்தடுத்துத் திருத்த வேண்டியிருந்தது. எஃப்கியூ கோடெல் என்ற கியூடிஸ்க்கில் இரண்டாவது ஒதுக்கீடு தோற்றதும் முதலாவது விடுவிக்கப்பட்டது. பின்னர் அழிப்புச் செயற்கூறும் அதையே மறுபடி விடுவித்தது. 2018இல் அதே இடத்தில் இன்னொரு குறை வெளிப்பட்டது: வரிசைகளின் எண்ணிக்கை மட்டும் மாறாமல் நிற்க, மீட்டமைப்புச் செயற்கூறு, இல்லாத வரிசைகளை இருப்பதாக நம்பி நடந்தது. விடுவித்த சுட்டியை வெறுமையாக்குவதோடு, அதைச் சார்ந்த எண்ணிக்கையையும் சுழியமாக்க வேண்டும் என்பதைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள்.

இயங்கிக்கொண்டிருக்கும் கியூடிஸ்க்கின் அளவை மாற்றும்போது வரிசைகளை வைத்திருக்கும் பழைய அட்டவணையை முதலில் விடுவிப்பதும் தவறு. புதியதை ஒதுக்கிய பிறகு பூட்டைப் பிடித்து மாற்றி, பூட்டை விட்ட பின்னரே பழையதை விடுவிக்க வேண்டும். கேவிமெல்லாக் என்ற ஒதுக்கீட்டுச் செயற்கூறின் மூலம் பெற்றதைக் கேஃப்ரீ என்ற விடுவிப்புச் செயற்கூறால் விடுவிக்கக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆயினும் அந்தப் பிழை இன்னும் வருகிறது.

நிர்வாகிகள் செய்யும் தவறு வேறு. எஃப்கியூ கோடெலின் புள்ளிவிவரத்தில் நினைவக வரம்பைத் தாண்டியதால் கைவிடப்பட்ட பாக்கெட்டுகளைக் கண்டு ஒதுக்கீடு தோற்றதாக எண்ணுகிறார்கள். அது 32 எம்பி என்ற இயல்பு வரம்பு தன் வேலையைச் செய்ததன் அடையாளம். சிறிய ரவுட்டரில் அதை உயர்த்துவது, இல்லாத தட்டுப்பாட்டை வரவழைப்பதாகும்.

திருத்தத்தைச் சோதிக்க, ஒதுக்கீடுகளை வேண்டுமென்றே தோற்கச் செய்யும் ஃபெயில்ஸ்லாப் என்ற கருவி உண்டு. ஆனால் உறங்கக்கூடிய ஒதுக்கீடுகளை அது இயல்பாகவே விட்டுவிடும். தொடக்கச் செயற்கூறில் இருப்பவை பெரும்பாலும் அவையே. அந்த விலக்கை நீக்காமல் ஓட்டினால், சோதிக்க நினைத்த பாதையை அது தொடவே தொடாது.