கனடாவுக்கு வந்தாயிற்று: குடிவரவுச் சட்டத்தில் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

கனடாவின் குடிவரவுத் திணைக்களத்துக்கு மறதி கிடையாது. பல வருடங்களுக்கு முன் விசிட் விசாவுக்கு நிரப்பிய படிவம், விமான நிலையத்தில் அதிகாரிக்குச் சொன்ன பதில், பிறகு குடும்பத்தினரை அழைக்கப் போட்ட ஸ்பொன்சர் விண்ணப்பம் எல்லாம் அவர்களிடம் பதிவில் இருக்கும். இங்கே சிக்கிக்கொள்பவர்கள் பெரும்பாலும் பெரிய குற்றம் செய்தவர்கள் அல்லர். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டவர்களும், நாட்களை எண்ணாமல் இருந்தவர்களும்தான். ஆகவே எந்தப் படிவத்தை அனுப்பினாலும் முதலில் அதன் பிரதி ஒன்றை உங்களுக்கென்று எடுத்து வையுங்கள்.

அப்பாவின் பெயரை எந்தப் பெட்டியில் எழுதுவது?

உங்கள் கடவுச்சீட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள். கடவுச்சீட்டில் குடும்பப்பெயர் என்ற இடம் வெறுமையாக இருந்தால், உங்கள் முழுப்பெயரையும் குடும்பப்பெயர்ப் பெட்டியில் எழுதி மற்றதை வெறுமையாக விட வேண்டும். ஒரு படிவத்தில் அப்பா பெயரைக் குடும்பப்பெயராகவும், அடுத்ததில் முதலெழுத்தாகவும் போட்டால் பின்னால் எல்லா இடத்திலும் விளக்கம் சொல்லிக்கொண்டே திரிய வேண்டிவரும். நிரந்தர வதிவிட உறுதிப்படுத்தல் பத்திரம் வந்தவுடன் பெயரின் ஒவ்வொரு எழுத்தையும், பிறந்த திகதியையும் பாருங்கள். சமூகக் காப்புறுதி இலக்கம், சுகாதார அட்டை, சாரதி அனுமதிப்பத்திரம், வங்கிக் கணக்கு எல்லாம் அந்தப் பத்திரத்தைப் பார்த்துத்தான் வரும். பிழையைத் திருத்த அதுவே சுலபமான நேரம்.

பி.ஆர். (நிரந்தர வதிவிட உரிமை) கிடைக்கும் முன் கல்யாணம் நடந்தால், பிள்ளை பிறந்தால்?

தரையிறங்கும் முன், அதாவது நிரந்தர வதிவாளராகப் பதியப்படும் முன், சொல்லியே ஆக வேண்டும். இது எங்கள் ஆட்கள் அதிகம் வழுக்கி விழும் இடம், ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்லலாம்.

நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிப்பவர் தன் துணையையும் தங்கி வாழும் பிள்ளைகளையும், அவர்கள் கூட வராவிட்டாலும், விண்ணப்பத்தில் காட்ட வேண்டும். அவர்களும் மருத்துவப் பரிசோதனை உள்ளிட்ட சோதனைகளுக்கு உட்பட வேண்டும். அப்படிக் காட்டாமல், பரிசோதிக்கப்படாமல் விட்ட ஒருவரைப் பிறகு குடும்ப வகுப்பில் ஸ்பொன்சர் செய்ய முடியாது. குடிவரவு விதிமுறைகளில் 117(9)(டி) என்ற பிரிவு இதைச் சொல்கிறது. முதல் திருமணத்துப் பிள்ளை, திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளை, விவாகரத்துக்குப் பின் மற்றவரிடம் வளரும் பிள்ளை எல்லாம் இதில் அடங்கும். “அவன் வரமாட்டான்தானே, ஏன் போட வேண்டும்” என்று விட்டால், பத்து வருடம் கழித்து அவன் வர ஆசைப்படும்போது கதவு மூடியிருக்கும். 2019 இல் சில பிரிவினருக்கு ஒரு தற்காலிக விலக்கு அறிவிக்கப்பட்டது. எல்லோருக்கும் அது பொருந்தாது, அதை நம்பி மறைக்க வேண்டாம்.

தனி ஆளாக விண்ணப்பித்து, விசா வந்தபின் ஊரில் பதிவுத் திருமணம் செய்துவிட்டு, “தனியாள்” என்றே தரையிறங்குவதும் இதே கதைதான். பதிவு நடந்த திகதி சான்றிதழில் அச்சாகி நிற்கும். திணைக்களத்துக்கு அறிவித்தால் விண்ணப்பம் தாமதமாகும், அவ்வளவுதான். அறிவிக்காவிட்டால் மனைவியை அழைக்கும் வழியும் போகும், உங்கள் பி.ஆருக்கும் ஆபத்து வரும்.

காரணம், குடிவரவுச் சட்டத்தில் பொய்யான தகவலுக்கான 40 ஆம் பிரிவு. முக்கியமான ஒரு விவரத்தைத் தவறாகச் சொன்னாலும், சொல்லாமல் விட்டாலும், ஐந்து வருடம் கனடாவுக்குள் வரத் தகுதியற்றவர் ஆவீர்கள். ஏஜெண்ட் போலி வங்கிக் கடிதம் வைத்தார், எனக்குத் தெரியாது என்ற வாதம் அநேகமாக எடுபடாது. கையெழுத்து உங்களுடையது. வேறு நாட்டில் விசா மறுக்கப்பட்டதா என்ற கேள்விக்கு “இல்லை” என்று பழக்கதோஷத்தில் குறியிடுவதுகூட இதில் சேரும்.

பின்னணி விவரப் படிவத்தில் கடந்த பத்து வருடத்தை, மாதம் விடாமல், நிரப்பச் சொல்வார்கள். வேலை இல்லாத காலத்துக்கு “வேலை இல்லை” என்றே எழுதுங்கள். இடைவெளி விட்டால் விண்ணப்பம் திரும்பி வரும். தமிழிலோ சிங்களத்திலோ உள்ள சான்றிதழ்களுக்கு மொழிபெயர்ப்பு தேவை. மொழிபெயர்ப்பாளராக இருந்தாலும் உங்கள் அண்ணனோ மாமியோ அதைச் செய்ய முடியாது.

பி.ஆர். அட்டை முடிந்தால் உரிமையும் முடிந்ததா?

இல்லை. அட்டை ஒரு பயண ஆவணம் மட்டுமே. உரிமை தொடரும். ஆனால் வெளிநாட்டில் இருக்கும்போது அட்டை முடிந்தால் விமானத்தில் ஏற்றமாட்டார்கள், அங்கிருந்தே பி.ஆர். பயண ஆவணத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். புதிதாக வந்தவர்கள் 180 நாட்களுக்குள் கனடா முகவரியைக் கொடுக்காவிட்டால், முதல் அட்டைக்கே கட்டணம் கட்டி விண்ணப்பிக்க வேண்டிவரும்.

உரிமையைக் காப்பது நாட்கள்தான். ஒவ்வொரு ஐந்து வருடக் காலத்திலும் 730 நாட்கள் கனடாவில் இருக்க வேண்டும். தொடர்ச்சியாக இருக்கத் தேவையில்லை. கனேடியக் குடியுரிமை உள்ள கணவனோடோ மனைவியோடோ வெளிநாட்டில் சேர்ந்து வாழ்ந்த நாட்களும், கனேடிய நிறுவனம் ஒன்று முழுநேர வேலைக்கு வெளிநாட்டுக்கு அனுப்பிய நாட்களும் கணக்கில் வரும். நாட்கள் குறைந்தால் உரிமை தானாகப் போவதில்லை. ஓர் அதிகாரி தீர்மானிக்க வேண்டும். நோயுற்ற பெற்றோரைப் பார்த்தது, பிள்ளைகளின் நலன் போன்ற மனிதாபிமானக் காரணங்களை அப்போது முன்வைக்கலாம், ஆவணங்களோடு. வெளிநாட்டில் எடுத்த தீர்மானத்தை எதிர்த்து மேன்முறையீடு செய்ய 60 நாட்கள் உண்டு.

குடியுரிமைக்கு வேறு கணக்கு: விண்ணப்பத்துக்கு முந்திய ஐந்து வருடத்தில் 1095 நாட்கள். பி.ஆருக்கு முன் மாணவராகவோ வேலை அனுமதியிலோ இருந்த ஒரு நாள் அரை நாளாகச் சேரும், அதிகபட்சம் 365 நாட்கள் வரை. சரியாக 1095 ஆம் நாளே அனுப்பாதீர்கள். ஒரு பயணத் திகதி பிழைத்தால் முழு விண்ணப்பமும் வீண். 2020 முதல் விமானத்தில் நாட்டை விட்டு வெளியேறுவோரின் விவரமும் எல்லைச் சேவைக்குப் போகிறது; உங்கள் நினைவை விட அவர்களின் பதிவுக்கே மதிப்பு அதிகம்.

அகதியாக ஏற்கப்பட்டவர் ஊருக்குப் போய்வரலாமா?

குடியுரிமை எடுக்கும் வரை வேண்டாம். பி.ஆர். கிடைத்துவிட்டதே என்று நினைப்பது பெரிய தவறு. எந்த நாட்டுக்குப் பயந்து பாதுகாப்புக் கேட்டீர்களோ அந்த நாட்டின் கடவுச்சீட்டைப் புதுப்பித்தால், அதில் பயணம் செய்தால், அங்கே திரும்பிப் போனால், அந்நாட்டின் பாதுகாப்பை மீண்டும் நாடினீர்கள் என்று அகதிக் கோரிக்கைகளைத் தீர்மானிக்கும் அகதிச் சபையில் அரசு மனுப் போடலாம். 2012 டிசம்பரில் வந்த மாற்றத்துக்குப் பின், அப்படி அகதி நிலை முடிவுக்கு வந்தால் பி.ஆரும் கூடவே போய்விடும். அதற்கு மேன்முறையீட்டுப் பிரிவில் இடமில்லை. சமஷ்டி நீதிமன்றத்தில் மீளாய்வு கேட்பது மட்டுமே வழி. சாவு வீடு, அம்மாவின் ஒப்பரேஷன் போன்ற காரணங்களையும் சபை அப்படியே ஏற்கும் என்று எதிர்பார்க்க முடியாது. மூன்றாவது நாட்டில் உறவினரைச் சந்திப்பதானால் அகதிப் பயண ஆவணத்தை எடுத்துப் போங்கள். ஏற்கனவே போய்வந்திருந்தால், குடியுரிமைக்கோ அட்டைப் புதுப்பிப்புக்கோ விண்ணப்பிக்கும் முன் சட்டத்தரணியைப் பாருங்கள். பயண விவரம் எழுதும் அந்தப் படிவங்களில்தான் இது வெளிவரும்.

பொலிஸ் வழக்கு வந்தால்?

குடித்துவிட்டு ஓட்டுவதை இங்கே போக்குவரத்துக் குற்றம் என்று எண்ண வேண்டாம். 2018 டிசம்பர் 18 முதல் அதன் உச்சத் தண்டனை பத்து வருடம். பத்து வருடத் தண்டனைக்குரிய குற்றம் குடிவரவுச் சட்டத்தில் கடும் குற்றம், ஆகவே பி.ஆர். உள்ளவரும் நாடுகடத்தல் நடவடிக்கைக்கு உள்ளாகலாம். ஆறு மாதமோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை கிடைத்தால் மேன்முறையீட்டு உரிமையும் போகும். குற்றத்தை ஒப்புக்கொண்டு சீக்கிரம் முடித்துவிடலாம் என்று குற்றவியல் சட்டத்தரணி சொன்னால், ஒப்புக்கொள்ளும் முன்பே குடிவரவுச் சட்டத்தரணியிடமும் கேளுங்கள்.

ஸ்பொன்சர் செய்த கணவனை விட்டுப் பிரிந்தால் பி.ஆர். போய்விடுமா?

போகாது. இரண்டு வருடம் சேர்ந்து வாழ வேண்டும் என்ற நிபந்தனை 2017 ஏப்ரலில் நீக்கப்பட்டது. “திருப்பி அனுப்பிவிடுவேன்” என்ற மிரட்டலுக்குச் சட்டத்தில் இடமில்லை. பிரிந்தாலும் ஸ்பொன்சரின் பொறுப்பு முடியாது: கியூபெக் தவிர்ந்த மாகாணங்களில் துணைக்கு மூன்று வருடம், பெற்றோருக்கு இருபது வருடம். அந்தக் காலத்தில் அவர்கள் சமூக உதவிப் பணம் எடுத்தால் ஸ்பொன்சர் திருப்பிக் கட்ட வேண்டும்.

விசிட், ஸ்டடி, வேர்க் பெர்மிட்

விசிட்டில் வந்தவருக்கு அதிகாரி வேறு திகதி எழுதாவிட்டால் ஆறு மாதம். விசாவில் உள்ள முடிவுத் திகதி நாட்டுக்குள் நுழைவதற்கானது, தங்குவதற்கானது அல்ல. நிலை முடியும் முன் நீட்டிப்புக் கேட்டால், பதில் வரும்வரை பழைய நிபந்தனைகளோடு இருக்கலாம். ஒரு நாள் தவறினாலும் அந்த வசதி போகும். பிறகு 90 நாட்களுக்குள் நிலையை மீட்கக் கேட்கலாம், ஆனால் அந்த இடைக்காலத்தில் வேலை செய்யக் கூடாது. மாணவர்கள் வகுப்பு நடக்கும் காலத்தில் வளாகத்துக்கு வெளியே வாரம் 24 மணி நேரம் வரை வேலை செய்யலாம். கையில் காசு வாங்கும் வேலையும் வேலைதான்.

வரி

கனடாவில் வதிபவரானவுடன் உலகில் எங்கு வரும் வருமானத்தையும் இங்கே காட்ட வேண்டும், ஊர் வீட்டு வாடகை உட்பட. வந்த நாளில் உங்கள் காணியின் சந்தைப் பெறுமதி என்ன என்று மதிப்பீடு எடுத்து வையுங்கள்; பின்னாளில் விற்கும்போது இலாபம் அந்தப் பெறுமதியிலிருந்தே கணக்கிடப்படும். வெளிநாட்டுச் சொத்தின் கொள்விலை ஒரு லட்சம் டொலரைத் தாண்டினால், முதல் வருடம் தவிர, அந்தச் சொத்தை அறிவிக்கும் ரி 1135 படிவமும் நிரப்ப வேண்டும். சொந்தப் பாவனைக்கு வைத்திருக்கும் வீடு அதில் சேராது.

யாரிடம் போவது, மறுத்தால் என்ன செய்வது?

பணம் வாங்கி உங்களுக்காக விண்ணப்பிக்க சட்டத்தரணி, சட்டச் சங்க உரிமம் பெற்ற பராலீகல் (சட்டத்தரணி அல்லாத சட்டப் பணியாளர்), கியூபெக் நொத்தாரிசு, குடிவரவு ஆலோசகர் கல்லூரியில் (ஆலோசகர்களைக் கண்காணிக்கும் அமைப்பு) பதிவு பெற்றவர் ஆகியோருக்கே உரிமை. கல்லூரியின் இணையப் பட்டியலில் பெயரைத் தேடிப் பார்க்க ஒரு நிமிடம் போதும். பிரதிநிதியாகத் தன் பெயரைப் படிவத்தில் எழுத மறுப்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள். வெற்றுப் படிவத்தில் கையெழுத்தும் வைக்காதீர்கள்.

மறுப்புக் கடிதத்தில் காரணம் இரண்டு வரியில்தான் இருக்கும். கனடாவில் இருப்பவர் ஐந்து டொலர் கட்டி தகவல் அறியும் சட்டத்தின் கீழ் அதிகாரியின் குறிப்புகளைக் கேட்கலாம். உண்மையான காரணம் அங்கேதான் தெரியும். ஆனால் குறிப்புகள் வரட்டும் என்று காத்திருந்து காலக்கெடுவை விட்டுவிடாதீர்கள். சமஷ்டி நீதிமன்றத்தில் மீளாய்வுக்கு, கனடாவுக்குள் எடுத்த தீர்மானமானால் 15 நாட்கள், வெளியே எடுத்ததானால் 60 நாட்கள். தீர்மானம் உங்களுக்கு அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து எண்ணத் தொடங்குங்கள்.