மொரீஷியஸில் ஒருநாள் வடிவமைப்பு–தொழில்நுட்ப மாநாடு: 120 பேருக்கு ஏற்பாடு செய்யும் முறை

ஒருநாள் மாநாட்டில் காலை பத்து மணிக்குத் தவறியதைச் சரிசெய்ய மறுநாள் காலை கிடைக்காது. அதனால் பேச்சாளர் பட்டியலை எவ்வளவு நீட்டலாம் என்று பார்க்காமல், எவ்வளவு குறைக்கலாம் என்று பார்த்து வேலையைத் தொடங்குங்கள். ஆறு உரை, ஒரு பயிலரங்கு, அதற்கு மேல் வேண்டாம். பன்னிரண்டு பேரை அழைத்துவிட்டு ஆளுக்குப் பதினைந்து நிமிடம் கொடுத்தால் நாலாவது ஆளிலேயே அட்டவணை அரை மணி நேரம் பின்தங்கிவிடும். கடைசியில் பேசுபவருக்குக் காலி நாற்காலிதான் மிச்சம்.

நாள் குறிப்பது

நவம்பர் முதல் மே நடுப்பகுதி வரை புயல் பருவம். மூன்றாம் நிலைப் புயல் எச்சரிக்கை அறிவித்துவிட்டால் பேருந்து நின்றுவிடும், அலுவலகம் மூடிவிடும், உங்கள் அரங்கின் கதவும் திறக்காது. கனமழை எச்சரிக்கைக்கே பள்ளிகள் மூடும் ஊர் இது. ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை பாதுகாப்பான காலம். மேட்டுநில ஊரான கியூர்பிப் பக்கம் மட்டும் அந்த மாதங்களிலும் தூறலும் குளிரும் இருக்கும், ஆகவே தேநீர் இடைவேளையைத் திறந்த முற்றத்தில் வைக்காதீர்கள்.

விநாயகர் சதுர்த்தி இங்கே பொது விடுமுறை. அது ஆகஸ்டிலா செப்டம்பரிலா என்று அந்தந்த ஆண்டுப் பட்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள். எபேன் சைபர்சிட்டி என்ற தொழில்நுட்ப வளாகத்து நிறுவனங்களிலிருந்து ஆட்கள் வரவேண்டுமானால் வெள்ளிக்கிழமை நல்லது. நிறுவனமே கட்டணத்தைக் கட்டும், விடுப்பும் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் வெள்ளி என்றால் மதிய இடைவேளை ஒன்றரை மணி நேரமாவது இருக்கட்டும். ஜும்மா தொழுகைக்குப் போய்த் திரும்பிச் சாப்பிட நேரம் வேண்டும்.

அரங்கு

எபேன், ரெதுயி, மோக்கா மூன்றும் அடுத்தடுத்து இருப்பவை. ரோஸ் ஹில்லில் இருந்து பிரியும் மெட்ரோ கிளை எபேன் வழியாக ரெதுயி வரை போகிறது. மொரீஷியஸ் பல்கலைக்கழகம் ரெதுயியில், தமிழும் நுண்கலையும் கற்பிக்கும் மகாத்மா காந்தி நிறுவனம் மோக்காவில். மாணவர்கள் வரவேண்டுமானால் இந்த வட்டத்தைத் தாண்டிப் போகாதீர்கள். கடற்கரை ஓட்டல் அழகுதான், ஆனால் கார் இல்லாதவர் வரமாட்டார்.

அரங்கைப் பார்க்கப் போகும்போது அளவு நாடா எடுத்துச் செல்லுங்கள். 3 மீட்டர் அகலத் திரையின் உயரம் சுமார் 1.7 மீட்டர். கடைசி வரிசை திரை உயரத்தைப் போல் ஆறு மடங்குக்குள், அதாவது பத்து மீட்டருக்குள் இருக்க வேண்டும். திரையின் கீழ்விளிம்பு தரையிலிருந்து 1.2 மீட்டராவது மேலே நிற்கட்டும், இல்லாவிட்டால் மூன்றாம் வரிசைக்குப் பின்னால் இருப்பவர்கள் தலைகளைத்தான் பார்ப்பார்கள். திரைச்சீலையை இழுத்து மூடிப் பாருங்கள். பகல் வெளிச்சம் கசியும் அறையில் 5000 லூமென் புரொஜெக்டர்கூட வெளிறிப்போகும்.

படிப்படியாக நாற்காலி பதித்த அரங்கில் பயிலரங்கு நடத்த முடியாது. எட்டுப் பேருக்கு ஒரு மேசை என்றால் பதினைந்து மேசை போட இடம் வேண்டும். அதே கட்டடத்தில் இரண்டாவது அறை இல்லையென்றால் பயிலரங்கை விட்டுவிடுங்கள். மடியில் தாளை வைத்துக்கொண்டு யாரும் வடிவமைக்க மாட்டார்கள்.

அட்டவணை

9:00 தொடக்கம். பத்தே நிமிடம் வரவேற்பு. விருந்தினர் மாலை, பொன்னாடை எல்லாம் உண்டென்றால் மதிய இடைவேளைக்கு முன்னால் தள்ளுங்கள், காலையில் வைத்தால் அரை மணி நேரத்தை விழுங்கிவிடும். ஓர் உரைக்கு 25 நிமிடம், கேள்விக்கு 10, அடுத்தவர் மேடையேற 5 என நாற்பது நிமிடக் கட்டம். 9:10, 9:50 என இரண்டு உரை. 10:30 தேநீர். 11:00, 11:40 என இன்னும் இரண்டு. 12:20 முதல் 1:50 வரை மதிய உணவு. 1:50 முதல் ஒரு மணி நேரம் பயிலரங்கு. சோறு உண்டபின் உட்கார்ந்து கேட்பதைவிடக் கையால் செய்வது தூக்கத்தை விரட்டும். 2:50 தேநீர், 3:10க்கும் 3:50க்கும் கடைசி இரண்டு உரை. 4:30க்குக் கதவு திறந்துவிட வேண்டும். மாலையில் கிராமப் பக்கம் போகும் பேருந்துகள் சீக்கிரமே குறைந்துவிடும். ஃபிளாக், மாயெபூர் போகிறவர்கள் 4:15க்கே பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தால் அவர்கள்மேல் கோபப்படாதீர்கள்.

வெளிநாட்டுப் பேச்சாளர் இணையவழி வருவதென்றால் மொரீஷியஸ் நேரம் வசதியானது. சென்னை நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னே, சிங்கப்பூர் நாலு மணி முன்னே. 9:50 கட்டம் சென்னைக்கு 11:20, சிங்கப்பூருக்குப் பிற்பகல் 1:50. டொரொன்டோவில் இருப்பவரை 3:10 கட்டத்தில் வையுங்கள், கோடைகாலத்தில் அங்கே காலை 7:10 ஆகியிருக்கும். உரையை முன்பே பதிவுசெய்து அனுப்பச் சொல்லி, கேள்வி நேரத்துக்கு மட்டும் நேரலையில் வரச் சொல்லுங்கள். இணைப்பு அறுந்தாலும் உரை தப்பிவிடும்.

எந்த மொழி

முழுநாளும் தமிழில் என்று அறிவித்தால் அரங்கு பாதிகூட நிறையாது. தமிழ் வழிவந்த குடும்பங்களிலேயே வீட்டுப் பேச்சு பெரும்பாலும் கிரியோல், பிரெஞ்சிலிருந்து கிளைத்த உள்ளூர் மொழி. ஸ்லைடு ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ இருக்கட்டும், அறிவிப்பும் நகைச்சுவையும் கிரியோலில், ஓர் உரையாவது முழுத் தமிழில். அந்தத் தமிழ் உரையின் ஸ்லைடில் ஒவ்வொரு கருத்தையும் ஆங்கிலத்தில் ஒரே வரியில் போட்டுவிடுங்கள். வாக்கியத்துக்கு வாக்கியம் ஒருவர் பெயர்த்துச் சொல்வது என்றால் நேரம் இரட்டிப்பாகும். 25 நிமிடத்தில் 12 நிமிடச் சரக்குதான் போகும், அதைப் பேச்சாளரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

பதாகையில் எந்த மொழி மேலே, எது கீழே என்பதைக் குழு கூடி முடிவு செய்து எழுதி வையுங்கள். இது சின்ன விஷயமில்லை. மொரீஷியஸ் ரூபாய்த் தாளில் ஆங்கிலம், தமிழ், இந்தி என்ற வரிசை இருந்தது. 1998இல் வந்த புதுத் தாள்களில் இந்தி மேலேறித் தமிழ் கீழிறங்கியதும் எதிர்ப்பு கிளம்பி, மத்திய வங்கி அந்தத் தாள்களைத் திரும்பப் பெற்றது. 1999இல் பழைய வரிசையோடு மறுபடி அச்சாயின. வரிசையும் வடிவமைப்புதான் என்பதற்கு இதைவிட நல்ல உரைத் தலைப்பு இந்தத் தீவில் கிடைக்காது. கிரியோலுக்கு 2011இல் எழுத்துக்கூட்டு வகுக்கப்பட்ட கதையும் இதே இனம்தான்.

தமிழ் எழுத்து உடையும் இடங்கள்

அதிகமாகக் கெடுவது இங்கேதான், கெட்டதைக் கவனிக்கத் தெரிந்த ஆளும் அச்சகத்தில் இருக்கமாட்டார். 'கொ' என்று தட்டினால் கொம்பு 'க'வுக்கு முன்னால் வராமல் பின்னால் நின்று அச்சாகிவிடும். யூனிகோடில் மெய்யை முதலிலும் உயிர்க்குறியைப் பிறகும் சேமிக்கிறோம். கொம்பை இடப்பக்கம் கொண்டுபோய் வைப்பது மென்பொருளின் வேலை. அந்த வேலை தெரியாத அமைப்பில் திறந்தால் கொம்பு மெய்க்குப் பின்னாலேயே நின்றுவிடும். பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் 'வேர்ல்ட்-ரெடி' பத்தி அமைப்பியைத் தேர்ந்தெடுத்தால் சரியாகும். அச்சகத்துக்கு அனுப்பும் முன் எழுத்தையெல்லாம் அவுட்லைனாக, அதாவது வெறும் வடிவக் கோடுகளாக மாற்றி பிடிஎஃப் ஆக்கிவிடுங்கள். எழுத்துரு இல்லாத கணினியிலும் அப்போது பிழை வராது. அவுட்லைனாக்கியதைத் திருத்த முடியாது என்பதால் மூலக்கோப்பைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய பாமினி வகை எழுத்துருவில் தட்டிய கோப்பு யாராவது அனுப்பினால் வேறு கணினியில் அது வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். யூனிகோடுக்கு மாற்றாமல் ஏற்காதீர்கள். சோதனைக்கு 'ஸ்ரீ, க்ஷ, கொ, கௌ, ணை, நூ' என்று ஒரு வரி போட்டு ஒவ்வொரு கருவியிலும் திறந்து பாருங்கள். இந்த ஆறும் சரியாக வந்தால் மற்றவை பெரும்பாலும் சரியாகவே வரும்.

பத்து மீட்டர் தூரத்திலிருந்து படிக்க ஸ்லைடில் ரோமன் எழுத்து 24 புள்ளிக்குக் குறையக்கூடாது. தமிழுக்கு 28 வையுங்கள், மேலே சுழியும் கீழே வாலும் இருப்பதால் வரி இடைவெளியும் 1.4 மடங்கு வேண்டும்.

கழுத்தில் தொங்கும் பெயரட்டை ஏ6 அளவில், இரு பக்கமும் அச்சடித்து. எப்படியும் அது திரும்பிக்கொள்ளும். தமிழில் பெயர் போடுவதாக இருந்தால் பதிவுப் படிவத்திலேயே கேட்டுவிடுங்கள். பிரெஞ்சு எழுத்துக்கூட்டில் 'ஆர்மூகம்' என்று ஒலிப்பது ஆறுமுகம்தான். அப்படி எழுதுவதா வேண்டாமா என்பது பெயருக்கு உரியவர் சொல்ல வேண்டியது, நீங்கள் ஊகித்துத் திருத்தக்கூடாது. தமிழ் எழுத்துத் தெரியாதவர் கேட்டால் மட்டும் உதவுங்கள்.

மேடைக் கணினி, கம்பி, மின்சாரம்

எல்லா ஸ்லைடும் ஒரே மடிக்கணினியில். வெள்ளிக்கிழமை மாநாடு என்றால் புதன் மாலைக்குள் கோப்பு வந்துவிட வேண்டும், மூலமும் பிடிஎஃப்பும் இரண்டும். "என் கணினியிலேயே காட்டுகிறேன்" என்பவருக்கு அந்த ஐந்து நிமிட மாற்று நேரம் போதாது. மென்பொருளை நேரடியாக இயக்கிக் காட்டுபவருக்கு மட்டும் விதிவிலக்கு, அவரும் 8:00 மணிக்கே வந்து செருகிப் பார்த்துவிட வேண்டும்.

சாதாரண எச்டிஎம்ஐ கம்பி பத்துப் பதினைந்து மீட்டரைத் தாண்டினால் படம் மினுக்கும், சில நேரம் வரவே வராது. மேடைக்கும் புரொஜெக்டருக்கும் அதைவிடத் தூரம் என்றால் ஒளியிழை எச்டிஎம்ஐ வாங்குங்கள். அது ஒரு திசையில்தான் வேலை செய்யும், கணினிப் பக்கம் எது, திரைப் பக்கம் எது என்று முனையில் எழுதியிருக்கும். தலைகீழாக இழுத்து ஒட்டிவிட்டால் முழுக்கப் பிரித்து மறுபடி போட வேண்டும். யூஎஸ்பி-சி மாற்றி குறைந்தது மூன்று இருக்கட்டும்.

இங்கே சதுர மூன்று முள் பிளக்கும் வட்ட இரண்டு முள் பிளக்கும் கலந்து புழங்குகின்றன. மேசைக்கு ஒன்றாக இரண்டையும் ஏற்கும் நீட்டிப்புப் பலகை வையுங்கள். தேநீர்க் கொதிகலன்தான் பெரிய வில்லன். 3000 வாட் கொதிகலன் 230 வோல்ட்டில் 13 ஆம்பியர் இழுக்கும், சதுரப் பிளக்கின் ஃபியூஸே 13 ஆம்பியர்தான். ஒரே பலகையில் இரண்டு கொதிகலன் செருகினால் இணைப்பு விழும். மேடைக்கும் அதே சுற்று என்றால் பேச்சின் நடுவில் திரையும் இருட்டாகும். எந்த மின்முனை எந்தச் சுற்றில் என்று அரங்கின் மின்பணியாளரிடம் கேட்டு, முனைகளில் ஒட்டுத்தாள் ஒட்டுங்கள். 20 லிட்டர் கொதிக்க நாற்பது நிமிடமாகும், ஒரு மணி நேரம் முன்னாலேயே போட்டுவிடுங்கள். 120 பேருக்கு ஆளுக்கு 150 மில்லி என்றாலும் 18 லிட்டர்.

இணையத்தில் பதிவேற்ற வேகத்தைக் கட்டாயம் அளந்து பாருங்கள். 1080 தெளிவில் நேரலைக்கு 6 எம்பிபிஎஸ் போகும், ஆகவே 12 இருக்கட்டும், அதுவும் வைஃபையில் அல்ல, கம்பியில். பார்வையாளருக்குத் தனி வலை. 120 பேர் கொண்டுவருவது 180 கருவி. ஓர் அணுகுமுனைக்கு (வைஃபை தரும் பெட்டி) ஐம்பது என்று நாலு முனை. ரவுட்டர் வழக்கமாகத் தருவது கருவிக்கு ஒன்றாக 250 சொச்ச முகவரிகள், ஒருநாள் முழுக்க ஒவ்வொன்றையும் பிடித்து வைத்திருக்கும். அதை இரண்டு மணி நேரமாகக் குறைக்காவிட்டால், கைபேசி மாற்றி மடிக்கணினி திறப்பவர்களால் மதியத்துக்குப் பிறகு புதியவர் யாரும் இணைய முடியாமல் போகலாம்.

சாப்பாடு

வாழையிலையில் ஏழு கறி போடலாம் என்று யாராவது கட்டாயம் சொல்வார். ஆசை நியாயமானது. 120 இலைக்குப் பரிமாறி எழ ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், கையில் மஞ்சளோடு பயிலரங்குத் தாளைத் தொடுவார்கள். மதியத்துக்கு டோல் பூரி, அதாவது பருப்பு வைத்த மெல்லிய ரொட்டி போதும். ஜோடியாகத்தான் விற்கிறார்கள், ஆளுக்கு இரண்டு ஜோடி என்று 240 ஜோடி சொல்லுங்கள். சூடு ஆறினால் விறைத்துவிடும், 12:00க்கு முன் வேண்டாம். முழுச் சைவமாக வைத்தால் ஹலால் கேள்வியும் புரட்டாசிக் கோவிந்தன் விரதமும் ஒரே அடியில் தீர்ந்துவிடும். தேநீரோடு காத்தோ பிமான் என்ற மிளகாய் போட்ட பருப்பு வடை, ஆளுக்கு நாலு.

பயிலரங்கு

மூன்று மொழிப் பேருந்து நிறுத்தப் பலகை ஒன்றை மறுவடிவம் செய்வது நல்ல பணி. மேசைக்கு ஏ3 தாள் பத்து, தடித்த பேனா எட்டு, ஒட்டுத்தாள் ஒரு கட்டு. பத்து நிமிடம் விளக்கம், முப்பத்தைந்து வேலை, மீதி சுவரில் ஒட்டிப் பார்ப்பது. பதினைந்து குழுவும் மேடையேறிப் பேச வேண்டாம், அதற்கு நேரமில்லை.

முடிந்தபின்

படிவத்தில் வாங்கிய பெயர், எண், படம் எல்லாம் 2017ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டவை. எதற்கு வாங்குகிறோம் என்று படிவத்திலேயே சொல்லுங்கள், வேலை முடிந்ததும் அழியுங்கள். புகைப்படம் வேண்டாம் என்பவருக்கு வேறு நிறக் கழுத்துப்பட்டி கொடுத்தால் படம் எடுப்பவருக்குத் தூரத்திலேயே தெரியும். காணொளியை இரண்டு வாரத்துக்குள் வெளியிடுங்கள். தமிழ் உரைக்கு ஆங்கில வசனவரி கட்டாயம். அரங்கைப் பூட்டும் முன் யூஎஸ்பி-சி மாற்றிகளை எண்ணுங்கள், மூன்றில் ஒன்று எப்போதும் யாருடைய பையிலோ போயிருக்கும்.