விலை விசாரித்து வாங்கியும் கையைக் கடிக்கிறதா? சந்தைக்குப் போகும்முன் போட வேண்டிய கணக்கு

நாலு கடை ஏறி இறங்கி விலை விசாரித்து வாங்குகிறவர்கள் வீட்டிலும் மாதக் கடைசியில் பணம் பற்றாமல் போகிறது. விசாரிப்பதில் தப்பில்லை. எதை எதோடு ஒப்பிடுவது என்று தீர்மானிக்கும் வேலையைக் கடையிடம் விட்டுவிடுகிறோம், அங்கேதான் காசு போகிறது.

மீனிலிருந்து தொடங்குவோம். நம் ராமநாதபுரம் கரையில் பாம்பனோ கீழக்கரையோ தொண்டியோ, பொடி மீனைக் கூறு கட்டித்தான் விற்பார்கள். 100 ரூபாய்க்கு ஒன்று, 180க்கு ஒன்று, 200க்குச் சற்றே பெரிதாக ஒன்று என்று மூன்று கூறு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 180 ரூபாய்க் கூறைப் பார்த்த கண்ணுக்கு, இன்னும் இருபதே ரூபாயில் 200 ரூபாய்க் கூறு லாபமாகத் தெரியும். உங்களுக்குப் போதுமான 100 ரூபாய்க் கூறு நினைவிலேயே இருக்காது. பக்கத்தில் ஒரு மட்டமான தேர்வை வைத்தால் இன்னொன்றின் மவுசு கூடும் என்பதை ஜோயல் ஹூபர், ஜான் பெய்ன், கிறிஸ்டோபர் புட்டோ ஆகிய மூவரும் 1982-ல் ஆய்வு செய்து காட்டினார்கள். மீன்கார அக்கா திட்டமிட்டு அடுக்கியிருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. நம் கண் அப்படித்தான் வேலை செய்கிறது.

அதனால் அளவை வீட்டிலேயே முடிவு செய்யுங்கள். நாலு பேருக்கு ஒரு வேளைக் குழம்பு என்றால் கழுவிச் சுத்தம் செய்த மீன் 600 கிராம் போதும். கரையில் போய் அளவை மாற்றாதீர்கள். பெரிய கூறு மலிவு என்று தோன்றினால், “அக்கா, ரெண்டையும் எடை போட்டுக் காட்டுங்க” என்று கேளுங்கள்.

அடுத்தது, சட்டிக்குள் போகும் எடைக்கு விலை பார்ப்பது. தோலோடு இறால் கிலோ 320, உரித்தது 600 என்றால் முதலாவது மலிவாகத் தெரியும். தலையும் தோலும் போனால் ஏறக்குறைய பாதிதான் மிஞ்சும். அப்படியானால் உரித்த கறி கிலோ 640 ஆகிறது, உரிக்கும் வேலையும் உங்கள் தலையில். நெத்திலிக் கருவாட்டிலும் இதே கதைதான். 300 ரூபாய்க்கு வாங்கிய ஒரு கிலோவில் உப்பு, மணல், தலை என்று கால் கிலோ கழிந்தால் உண்மை விலை 400. ஒரு பிடி அள்ளி அழுத்துங்கள், கையில் ஈரம் ஒட்டினால் தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறீர்கள். காகிதத்தில் தட்டிப் பார்த்தால், மணலில் பரப்பிக் காய வைத்ததா என்பது தெரிந்துவிடும்.

காலத்தையும் பார்க்க வேண்டும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. அந்தத் தடைக்கால விலை மனத்தில் நின்றுவிட்டால், ஜூன் கடைசியில் என்ன விலை சொன்னாலும் மலிவாகப்பட்டு இரண்டு கிலோ கூடுதலாக வாங்குவோம். முதலில் காதில் விழுந்த எண் அடுத்த மதிப்பீட்டை இழுப்பதை உளவியலாளர்கள் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் டேனியல் கானமனும் 1974-ல் எழுதினார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் நங்கூரம். கடலோரத்துக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை: நங்கூரம் விழுந்த இடத்தைச் சுற்றித்தான் படகு ஆடும். நாட்காட்டித் தாளில் வாங்கிய விலையைக் குறித்து வையுங்கள். போன மாத விலையை விட்டுவிட்டு, போன வருடம் இதே மாதத்து விலையோடு ஒப்பிடுங்கள்.

கோடு போட்டு அடித்துக் காட்டிய பழைய விலையும் நங்கூரம்தான். பாக்கெட்டில் அச்சிட்ட எம்.ஆர்.பி. என்பது அதற்கு மேல் விற்கக்கூடாது என்ற உச்ச வரம்பு, அவ்வளவே. அதற்குக் கீழே விற்பதாலேயே அது சலுகை ஆகிவிடாது. அதற்கு மேல் காசு கேட்டு வாங்கினால் 1915-க்கு அழைத்துப் புகார் சொல்லலாம். இரண்டு பாக்கெட்டை ஒப்பிடும்போது கிராம் அல்லது கிலோ விலையைத் தேடிப் பாருங்கள்.

மிச்சத்தை ரூபாயில் பார்க்காமல் விழுக்காட்டில் பார்ப்பது பெரிய வலை. 1981-ல் ட்வெர்ஸ்கியும் கானமனும் கேட்டபோது, 15 டாலர் கால்குலேட்டரில் 5 டாலர் மிச்சமாகும் என்றால் 20 நிமிடம் தள்ளியிருக்கும் கடைக்குப் போக 68 விழுக்காட்டினர் தயார். பொருள் 125 டாலர் என்றால், அதே 5 டாலருக்கு 29 விழுக்காட்டினர்தான். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் சுமார் 55 கி.மீ. சட்டையில் 100 ரூபாய் மிச்சம் என்று கிளம்புகிறவர், போக வரப் பஸ் கட்டணமும் சாப்பாடும் கழித்த பிறகு என்ன மிஞ்சும் என்று பார்க்க வேண்டும். சீருக்கு 25,000 ரூபாய் ஃபிரிட்ஜ் வாங்கும்போது 2,000 ரூபாய் கூடுதல் வாரண்டி கொசுறு போலத் தெரியும். அதை அன்று எடுக்காமல், மறுநாள் தனியாகக் கேட்டால் வாங்குவீர்களா என்று யோசியுங்கள்.

மொத்தமாக வாங்குவது இந்தக் கரையில் தனி ஆபத்து. உப்புக் காற்றும் ஐப்பசி மழையும் சேர்ந்தால் கருப்பட்டி கசிந்து இளகும், முண்டு மிளகாய் வத்தல் பூசணம் பிடிக்கும். ஐந்து கிலோ வாங்கினால் கிலோவுக்கு 30 ரூபாய் குறைவு என்றால் மிச்சம் 150. கிலோ 350 ரூபாய் கருப்பட்டியில் அரைக் கிலோ வீணானாலே 175 போய்விடும். மழைக்கு முன் ஒரு மாதத்துக்கான அளவு போதும். வத்தலைக் குலுக்கினால் விதை கலகலக்க வேண்டும். சத்தம் வராவிட்டால் இன்னொரு வெயில் காட்டி, காற்றுப் புகாத டப்பாவில் போடுங்கள்.